போகவும் திரும்பவும் வழி சொல்லும் பட்டியல்: நம் கலை ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பெரம்பூர், ஓட்டேரி, அயனாவரம், வியாசர்பாடிப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவைக் கார்த்திகையிலேயே கூட்டிவிடுவது நம் வழக்கம். கச்சேரிகளின் மாதமான மார்கழி பிறந்துவிட்டால் நம்மில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கைக்கு வருகின்றன. அதனால் போன ஆண்டில் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பங்குனி வரை நகரத்தில் என்னென்ன நடக்கவிருக்கிறது, அதற்கெல்லாம் நாம் எப்படிப் போய்வருவது என்பதற்கு இந்த அறிக்கையில் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

நம் சங்கம் செய்கிற முக்கியமான வேலை மாதப் பட்டியல். இந்த ஆண்டும் ஒரு மாதம்கூட விடாமல் வெளியிட்டோம். நூலக வாசல், அடுக்ககங்களின் அறிவிப்புப் பலகை, ரேஷன் கடைச் சுவர், இரண்டு மூன்று டீக்கடைகள் என்று ஒட்டினோம். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். யார் பாடுகிறார்கள், யார் ஆடுகிறார்கள், எந்த அரங்கம், எத்தனை மணி என்பதெல்லாம் செய்தித்தாளிலேயே வந்துவிடுகிறது. நம் பட்டியலில் அதற்கு மேல் ஐந்து விவரங்கள் இருக்கும்: எத்தனை மணிக்கு முடியும், எந்த பஸ் அல்லது ரயில், திரும்பி வர வண்டி உண்டா, அரங்கத்தில் எத்தனை படி ஏற வேண்டும், கழிவறை எந்தத் தளத்தில். இந்த ஐந்தும் வந்ததற்குக் காரணம் நம் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா. சில ஆண்டுகளுக்கு முன் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, பாட்டு யாருன்னு அப்புறம் பார்த்துக்கலாம். எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு முதல்ல போடு" என்றார்.

வடசென்னைக்காரர்களுக்கு ரசனை கிடையாது, அதனால்தான் கச்சேரிக்கு வருவதில்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அதைக் கடுமையாக மறுக்கிறேன். சபாக்களில் பெரும்பாலானவை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. ராத்திரி ஒன்பது மணிக்குக் கச்சேரி முடிந்தால் மயிலாப்பூர்க்காரர் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார். பெரம்பூர்க்காரர், மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிருதங்கம் வாசிக்கும் நேரத்தில் எழுந்து போகிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள், அவர்கள் எங்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும்.

29சி பஸ் இல்லாவிட்டால் நம் சங்கமே இல்லை என்பேன். பெரம்பூரில் ஏறி ஸ்டெல்லா மேரிஸில் இறங்கினால் மியூசிக் அகாடமி நடை தூரம். லஸ்ஸில் இறங்கினால் மயிலாப்பூர் சபாக்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைகளால் அந்தப் பக்கம் போக்குவரத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள். அதனால் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் நம் இளைஞர்கள் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்து, பஸ் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வருகிறார்கள். அலைச்சலான வேலை. அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

போன மார்கழியில் நாம் எடுத்த நல்ல முடிவு, மதியக் கச்சேரிகளுக்குக் குழுவாகப் போனது. மாலை நேரத்தில் பெரிய வித்வான்கள், டிக்கெட். பல சபாக்களில் பன்னிரண்டு மணி, இரண்டு மணி ஸ்லாட்டுகள் இளம் கலைஞர்களுக்கு, அனுமதி இலவசம். அந்த நேரத்தில் அரங்கத்தில் ஆளே இருப்பதில்லை. பாடுகிற பிள்ளையின் அப்பா அம்மா, குரு, பக்கவாத்தியக்காரர்களின் வீட்டார், அவ்வளவுதான். மயிலாப்பூரில் ஒரு சபாவில் நாம் உள்ளே நுழைந்தபோது ஒரு பெண் கல்யாணி ஆலாபனையில் இருந்தாள். முன்வரிசை முழுக்கக் காலி. நம் ஆட்கள் சத்தமில்லாமல் போய் முன்னால் உட்கார்ந்தார்கள். வயலின் வாசித்த பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் முறை வந்ததும் நிதானமாக ஒரு சுற்று கூடுதலாகவே வாசித்தான். தனி ஆவர்த்தனம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தேவையும் இல்லை, மணி மூன்றரைதான். கேன்டீனில் காபி குடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். பிள்ளைகளுக்குக் கேட்க ஆள் வேண்டும், நமக்கு வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். இரண்டும் சேர்கிற நேரம் இந்த மதிய நேரம். வரும் மார்கழியில் இதை வாரம் இருமுறை செய்யச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

ஆண்டின் மற்ற நிகழ்ச்சிகள். தட்சிணசித்ராவுக்கு ஒரு நாள் பயணம் போனோம். 1996-இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும் இறங்கினோம். கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966-இல் ஓவியர்களே நிலம் வாங்கி உண்டாக்கிய கிராமம் அது. ஆகஸ்டில் சென்னை தினத்தை ஒட்டி ராயபுரம் ரயில் நிலையத்துக்கு நடை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் புறப்பட்டது. ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளியான நம் உறுப்பினர் ஒருவர் அன்று வழிகாட்டினார். தண்டவாளத்தைக் காட்டி அவர் சொன்ன விவரங்களை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அடுத்த முறை பதிவு செய்து வைக்கலாம் என்று இருக்கிறோம்.

எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஒரு நாடகம் பார்த்தோம். 1896-இல் கட்டிய அரங்கம். இருக்கைகள் படிப்படியாக மேடையை நோக்கி இறங்குவதால் எங்கே உட்கார்ந்தாலும் நடிகரின் முகம் தெரியும். முட்டிவலிக்காரர்களுக்கு அந்தப் படிகளே சிரமம் என்பதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

இரண்டு கசப்புகளையும் பதிவு செய்ய வேண்டும். ஓர் அமைப்பு தன் நாட்டிய நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு யாருக்கும் சொல்லவில்லை. பூட்டிய கேட்டுக்கு முன் நம் பெண்கள் குழு அரை மணி நேரம் நின்றது. அன்றிலிருந்து முதல் நாள் மாலையே அரங்கத்துக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே கிளம்புகிறோம். இன்னொரு அரங்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை. நம் உறுப்பினரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். பாட்டுக் கேட்க வந்த மனிதர் எல்லோரும் பார்க்கத் தூக்கப்பட்டு உள்ளே வர வேண்டுமா? சாய்தளம் கேட்டு அந்த நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவோம்.

சரி, இனி வரப்போகிறவை.

டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரை மியூசிக் அகாடமி. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது அதையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது அது, மறு ஆண்டில் தொடங்கப்பட்டது. மாலை டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு. ஆனால் காலையில் நடக்கும் லெக்-டெம் இலவசம். ஒரு ராகத்தை, ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வித்வான்கள் பாடியும் பேசியும் விளக்குவார்கள். அதிகாலையில் கிளம்பத் தயாராக இருப்பவர்கள் தவறவிட வேண்டாம்.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தும் நாம் அதிகம் போகாத இடம் பாரிமுனையில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று எழுந்த இயக்கத்தில் 1943-இல் உருவான தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம் அது. டிசம்பர் கடைசியில் அங்கே இசை விழா. கூடவே, பழந்தமிழ் ராகங்களான பண்கள் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டங்களும் நடக்கும். ஓதுவார்கள் தேவாரப் பண்களை வரிவரியாகப் பாடிக் காட்ட, எந்தப் பண் இன்று எந்த ராகம் என்று அறிஞர்கள் விவாதிப்பார்கள். கோயிலில் நாம் கேட்டுப் பழகிய பாட்டுகள்தாம். இந்த ஆண்டு நம் குழுவின் முதல் பயணம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையமும் அருகில்தான்.

கலாக்ஷேத்ராவின் கலை விழாவும் அந்த நாட்களிலேயே வரும். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய நடன, இசைப் பயிற்சி நிறுவனம். 29சியில் கடைசிவரை போய்ப் பெசன்ட் நகரில் இறங்கி, திருவான்மியூருக்கு ஆட்டோ பிடிக்கலாம். டிசம்பரிலேயே உலகத் திரைப்பட விழாவும் இருக்கிறது. பல நாட்டுப் படங்களை ஒரே பாஸில் பார்க்கலாம், மாணவர்கள் கவனிக்கவும்.

சென்னையை யுனெஸ்கோ 2017-இல் இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. அந்தப் பெருமையில் சபாக்களுக்குப் பங்கு உண்டு, நம் தெருக்களில் பிறந்த கானாவுக்கும் பங்கு உண்டு. அதனால் நம் பட்டியலில் கானாவும் பறையும் கர்நாடக இசையும் ஒரே பக்கத்தில், தேதி வரிசையில் வரும். இது சங்கத்தின் தீர்மானம். 2020-இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியின் தேதி வந்ததும் குழுவில் அறிவிப்போம்.

பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம். 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் 'நம்ம ஊரு திருவிழா' என்று திரும்ப வந்தது. பூங்காக்களிலும் திடல்களிலும் திறந்த வெளியில் நடப்பதால் டிக்கெட்டும் இல்லை, படியும் இல்லை. குழந்தைகளைக் கொஞ்சம் முன்னதாகவே கூட்டிப் போங்கள். பறைக் கலைஞர்கள் நெருப்பு மூட்டிப் பறையின் தோலைக் காய்ச்சுவதைப் பார்க்கலாம். சூடு ஏறத் தோல் இறுகும். ஒருவர் விரலால் தட்டிப் பார்த்து, போதாது என்று திரும்ப நெருப்பில் காட்டுவார். போன முறை நம் பிள்ளைகள் ஆட்டத்தைவிட இதைத்தான் கண் கொட்டாமல் பார்த்தார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், கலைஞர்களும் சலிக்காமல் பதில் சொன்னார்கள்.

ஜனவரியில் புத்தகக் காட்சி. 1977-இல் தொடங்கியது, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்துவருகிறது. பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், அங்கிருந்து நந்தனத்துக்கு நேராக மெட்ரோ. மாலைச் சொற்பொழிவுகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். அதே மாதம் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. நம் மகளிர் சிலர் பெயர் கொடுக்க ஆசைப்படுகிறார்கள், அன்று போக வர வேன் ஏற்பாடு செய்வோம். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழா. அன்று மாட வீதிகளில் வண்டி நுழையாது. நடக்க முடிந்தவர்கள் மட்டும் பெயர் கொடுக்கவும்.

விடுமுறை நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜெராக்ஸ் செலவு ஏறிவிட்டது, சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே செலுத்தினால் உதவியாக இருக்கும். செயற்குழு இரண்டு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, எழுத்து தெரியாதவர்களுக்கும் கண் பார்வை மங்கியவர்களுக்கும் பட்டியலைக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். தெளிவாக வாசிக்கும் குரல் உள்ளவர்கள் முன்வரவும். இரண்டு, மாலைக் கச்சேரிகளுக்குப் போகிறவர்கள் சேர்ந்து திரும்ப மார்கழி முழுக்க ஒரு வேன் வேண்டும். வாடகையைப் பகிர்ந்துகொள்வது பற்றி இப்போதே பேசி முடிப்போம்.

மதியக் கச்சேரிக் குழுவுக்கான பெயர்த் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. டிசம்பர் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்