பாழாய்ப்போன ஒரு சொல்

லால்குடி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்துபோய், அதைச் சரி செய்து வாங்கவே ஒரு வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

பால் கதையைப் படித்துவிட்டு நானும் கமலாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். பக்கத்து வீட்டு அம்மா பாத்திரத்தைக் காட்டி "ஹாலு ஹாளாய்த்து" என்று புலம்ப, நீ "ஆமாம், பால்தான், பால்தான்" என்று தலையாட்டிக்கொண்டு நின்றாயாக்கும்! பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்து என்னடா கண்டாய்? முதல் ஹாலு நம்ம பால். இரண்டாவது நம்ம பாழ். நம்முடைய பத்து கன்னடக்காரர்களுக்கு ஹத்து, புலி ஹுலி, பூ ஹூ. அதே கணக்கில் பாழ் ஹாளு ஆகிவிட்டது. அவர்களிடமும் ஒரு காலத்தில் ழகரம் இருந்தது, பிறகு ளகரத்தில் கரைந்துவிட்டது. இங்கேயும் பாதிப் பேர் வாயில் அது 'பாள்' என்றுதானே வருகிறது, அவர்களை மட்டும் என்ன சொல்ல? வசவில்கூட வித்தியாசம் இல்லை. நம்ம ஊர்க் கிழவி "பாழாய்ப் போ" என்றால் அங்கே "ஹாளாகி ஹோகு". தெலுங்கில் இதே சொல் பாடு. பாழடைந்த வீட்டை அவர்கள் 'பாடுபட்ட இல்லு' என்பார்கள். நமக்கோ பாடுபட்டவன் என்றால் உழைத்தவன்!

நாம் ஹம்பிக்குப் போனபோது ஆட்டோக்காரர் 'ஹாளு ஹம்பி, ஹாளு ஹம்பி' என்று சொல்லிக்கொண்டே வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஏதோ பால் வியாபாரம் பற்றிச் சொல்கிறார் என்று அன்றைக்கும் நீ நினைத்திருப்பாய். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்ட விஜயநகரத் தலைநகரம். நானூற்றைம்பது வருஷம் கழித்தும் ஊர்ப்பெயருக்கு முன்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் போனில் "ஊர் வீடு பாழாயிடுச்சுடா" என்று சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். "இடிந்துவிட்டதா, இல்லை சும்மா சொல்கிறானா?" என்றும் கேட்டிருந்தாய். இடிந்தது வேறு, பாழானது வேறு.

நம்மிடம் அழிவுக்குச் சொல் பஞ்சமே இல்லை. துவம்சம் இருக்கிறது. ஆனால் இப்போது அதைப் பந்துவீச்சுக்கும் பிரியாணிக்கும் நேர்ந்துவிட்டோம். என் பேரன் நேற்று ஒரு பரோட்டாவைத் துவம்சம் செய்தான், யாரும் அழவில்லை. நிர்மூலம் பத்திரிகைக்காரர்களின் சொல், புயலுக்கும் குண்டுவீச்சுக்கும் வரும். மூலம் என்றால் வேர், வேரே இல்லாமல் செய்வது. 'பூண்டோடு அழிந்தது' என்பதும் கிட்டத்தட்ட அதேதான். அதில் வருவது ரசத்துக்குப் போடும் பூண்டு இல்லை, புல் பூண்டு. போன மாதம்தான் கமலாவுக்கு இதைச் சொன்னேன். இத்தனை நாளாக வெங்காயம் மட்டும் ஏன் தப்பித்தது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு கை வேண்டும், சேகர். யாராவது வந்து அடிக்க வேண்டும், உடைக்க வேண்டும். பாழுக்கு அது தேவையில்லை. பாழுங்கிணற்றை யாரும் இடிக்கவில்லை, இறைப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பகைவன் கோட்டையைப் பிடித்த பழைய ராஜாக்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. புறநானூற்றில் பதினைந்தாம் பாட்டு, முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றி நெட்டிமையார் பாடியது. தேர் ஓடிக் குழி விழுந்த தெருவில் கழுதையை ஏரில் பூட்டி உழுதானாம். "பாழ்செய்தனை அவர் நனந்தலை நல்லெயில்" என்று வரும். இன்னொரு பாட்டில், ஔவையார் பாடியது, அப்படிக் கழுதை பூட்டி உழுத இடத்தில் வெள்ளை வரகும் கொள்ளும் விதைக்கிறார்கள். கோட்டையை உடைத்தால் திரும்பக் கட்டிக்கொள்வான். தெருவைக் கொல்லைக்காடாக்கிவிட்டால் எங்கே வந்து குடியிருப்பான்? எனக்கென்னவோ தீ வைப்பதைவிட இதுதான் கொடுமையாகப் படுகிறது.

தமிழய்யா பிரம்போடு நின்று மனப்பாடம் செய்யவைத்த நல்வழியை நினைத்துப் பார். "நீறில்லா நெற்றி பாழ், நெய்யில்லா உண்டி பாழ், ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்." அங்கே எதுவுமே உடையவில்லை. ஒன்று இல்லை, அதனால் பாழ். (நெய் விஷயத்தில் என் டாக்டருக்கும் ஔவைக்கும் ஒத்துப்போகாது.) பரிபாடலில் எண்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் கால், பாகு (அரை), ஒன்று, இரண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் 'பாழ்' என்றுதான் தொடங்குகிறது. சுழியத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் என்பார்கள். என் அம்மா மீந்த சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு "பாழாப் போகுதேன்னு சாப்பிடறேன்" என்று தினமும் சொல்லும். அந்தச் சோறு கெட்டுப்போகவில்லை, சாப்பிட ஆள் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

சரி, உன் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதிர்வீட்டில் சாவி வாங்கினேன். பூட்டு திறக்கவே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்து திரும்ப முயன்றதும் திறந்துகொண்டது. திண்ணை நன்றாகத்தான் இருக்கிறது, சீட்டாட்டத்துக்குப் பழகிவிட்டார்கள். ரேழியில் கரையான் ஏறியிருக்கிறது, ஆனால் நிலைக்கதவைத் தொடவில்லை. முற்றத்து ஓரமாக ஓடுகள் சரிந்து நாற்பது, ஐம்பது மாற்ற வேண்டும். துளசிமாடத்தில் துத்திச்செடி இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. ஊஞ்சல் கொக்கிகள் இரண்டும் அப்படியே தொங்குகின்றன.

அடுக்களையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்ட பிறகுதான் பார்த்தேன். அடுப்புமேடைக்குப் பக்கத்துச் சுவரில் உங்கம்மா கரித்துண்டால் போட்ட பால் கணக்கு. நாலு கோடு, அதன்மேல் குறுக்காக ஒன்று, திரும்ப நாலு கோடு. கொஞ்சம்கூட அழியவில்லை. கடைசி வரிசையில் மூன்று கோடுதான் இருக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை, கையும் வைக்கவில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது கொல்லைச் சுவரில் முளைத்திருக்கிற அரசங்கன்றுக்குத்தான். முழங்கை நீளம் இருந்தது, ஒடித்துப் போட்டேன். வேர் உள்ளே போயிருக்கிறது, மழை பெய்தால் திரும்பத் துளிர்க்கும். தோண்டி எடுத்துவிட்டு, பெருங்காயம் வைத்துப் பூசினால் பட்டுப்போகும் என்கிறார் கொத்தனார். நிர்மூலம் என்ற சொல்லை அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டு வேலையை முடித்தாக வேண்டும். கொத்தனார் ஆவணியில் நாலு நாள் ஒதுக்கித் தருகிறேன் என்றிருக்கிறார். நீ வந்து கூட நின்றால்தான் வேலை நடக்கும், என்னை நம்பி விடாதே, எனக்கு ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. சாப்பாடு நம்ம வீட்டில், கமலா இப்போதே பட்டியல் போட்டுவிட்டாள்.

சாவியை எதிர்வீட்டில் திரும்பக் கொடுக்கவில்லை, என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
ராமு