இரண்டாந் தவணை

கோண்டாவில்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான்.

சின்னவளின் குரல் செய்தி கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் ரோமரைப் பற்றி ஒப்படை கொடுத்திருக்கிறார்களாம், அம்மப்பாவிடம் ஏழு கேள்வி. ஆறுக்கு அன்றிரவே பதில் சொல்லிவிட்டேன்: வீட்டு நடுவில் மழைத்தண்ணீர் விழும் தொட்டி, செனட் சபை, வருஷத்துக்கு இரண்டு கொன்சல்கள் (தலைமை ஆட்சியாளர்), அடிமைகள், பொதுக் குளிப்பிடம், மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால். நறுக்கென்று கேட்கிறாள், உன் மூளை. ஏழாவதுதான் என்னை நிறுத்தியது. "அம்மப்பா, ரோமில அப்பா வேற வீட்டில இருந்தா பிள்ளை ஆரோட இருக்கும்?" அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். சின்னப்பிள்ளைக்குச் சொல்லும் பதில் வாயில் வரவில்லை. உனக்கு எழுதுகிறேன், வாசித்துவிட்டு அவளுக்கு வேண்டியதை நீ சொல்லு.

போன மாதம் வந்த பார்சலில் விலாசம் புதிதாக இருந்தது. வீடு மாறினாயாக்கும். ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்கிறதா?

சரி, ரோம். அங்கே குடும்பத் தலைவன் என்றால் உயிரோடிருக்கிற மூத்த ஆண். மகன், மகள், மகனின் பிள்ளைகள் எல்லாரும் அவன் அதிகாரத்துக்குள். வயது கணக்கே இல்லை. கொன்சலாகிப் படை நடத்துகிறவனுக்கும் தகப்பன் உயிரோடிருந்தால் சொந்தமாக ஒரு சதம் கிடையாது. கையில் புழங்குவது தகப்பன் விட்டுவைத்த பணம். கி.மு. 451–450 இல் எழுதிய பன்னிரு பலகைச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: தகப்பன் மகனை மூன்று தரம் விற்றால் மகன் விடுபட்டவன். கொடிய தகப்பனுக்குப் போட்ட கடிவாளம் அது. பிறகு வந்த சட்டக்காரர் அதையே வாசலாக்கிவிட்டார்கள். நம்பிக்கையான ஒரு சிநேகிதனுக்குப் பேருக்கு மூன்று தரம் விற்பது, ஒவ்வொரு தரமும் அவன் விடுவிப்பது. மகளுக்கு ஒரு தரம் போதும். சட்டத்தை உடைக்காமல் வளைக்கிற வித்தையில் உறுதி எழுதுகிற எங்கள் நொத்தாரிசுமார் எல்லாம் அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள்.

பழைய கலியாணத்தில் பெண் தகப்பன் கையிலிருந்து கணவன் 'கை'க்குள் போவாள். சட்டத்தின் சொல்லே கை என்பதுதான். அதற்கு மூன்று வழி. யூபிதர் தெய்வத்தின் பூசாரி முன்னிலையில், பத்துச் சாட்சி வைத்து, கோதுமை அப்பம் படைப்பது ஒன்று. ஐந்து சாட்சியும் தராசு பிடிக்க ஒருவனும் நிற்க, பேருக்கு ஒரு விற்பனை நடத்துவது இன்னொன்று. மூன்றாவது, ஒரு வருஷம் தொடர்ந்து சேர்ந்து வாழ்வது. இதில் ஒரு வெட்டு இருந்தது: வருஷத்தில் அடுத்தடுத்து மூன்று இரவு பெண் வெளியே தங்கினால் கணக்கு திரும்பவும் முதல் நாளிலிருந்து. கணவன் கைக்குள் போகாமல் தப்ப மூன்று இரவு போதும்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், பேச்சாளர் சிசரோவின் காலத்தில், கைக்குள் போகாத கலியாணந்தான் வழக்கம். பெண் கணவன் வீட்டில் இருப்பாள். சட்டப்படி தகப்பன் வீட்டுப் பிள்ளை. பேரும் மாறாது. சிசரோவின் குடும்பப் பேர் துல்லியஸ், அதனால் அவர் மகள் துல்லியா. மூன்று தரம் தாலி கட்டினாலும் துல்லியாதான் (அவர்களுக்குத் தாலி இல்லை, மோதிரம்). பார்சலில் உன் பேருக்குப் பக்கத்தில் என் பேரைப் பார்த்தேன். அம்மாவிடம் காட்டவில்லை.

இனிச் சீதனம். இதைத்தான் சின்னவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், உனக்கு விரிவாக. எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதனக் காணி பெண்ணுடையது, ஆனால் அதை விற்கக் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ரோமில் தலைகீழ். கலியாணம் நிற்கும்வரை சீதனம் கணவனுடையது. ஆனால் இத்தாலியில் உள்ள சீதனக் காணியைப் பெண்ணின் சம்மதமில்லாமல் விற்கச் சக்கரவர்த்தி அகுஸ்துஸின் சட்டம் அவனை விடவில்லை. பிரிந்தால் சீதனம் திரும்ப வேண்டும். வழக்குப் போடுகிறது பெண். தகப்பன் அதிகாரத்தில் இருந்தால் தகப்பன் போடலாம், அதுவும் அவள் சம்மதித்தால் மட்டும். அவள் சம்மதித்தால் மட்டும் என்பதைக் கவனி. தகப்பனுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்த ஊரிலேயே.

காணி, நகை, அடிமை போன்றவை உடனே திரும்ப வேண்டும். காசு, தானியம், எண்ணெய் மாதிரி எண்ணியோ நிறுத்தோ அளந்தோ கொடுத்தவை வருஷத்துக்கொன்றாக மூன்று தவணையில். கணவன் சோரம் போனவன் என்றால் தவணை கிடையாது, எல்லாம் உடனே. அதிலும் சின்னப் பிழையென்றால் ஆறு மாதத்தில். பிழை பெண் பக்கத்திலோ அவள் தகப்பன் பக்கத்திலோ என்றால் பிள்ளைக்கு ஆறிலொரு பங்கு வீதம் அவன் நிறுத்திவைப்பான், ஆனால் பாதிக்கு மேல் போகக் கூடாது. 60,000 செஸ்தர்ஸ் காசு சீதனம், இரண்டு பிள்ளை என்றால் 20,000 அவனுக்கு. அவள் நடத்தை கெட்டவள் என்று காட்டினால் இன்னும் ஆறிலொன்று, சின்னக் குற்றமென்றால் எட்டிலொன்று.

பிழை வருகிற இடம் இதில் எது தெரியுமா? விலை எழுதுவது. சீதனச் சாமானுக்கு விலை போட்டு ஒப்படைத்தால் அது அவனுக்கு விற்ற மாதிரி. அடிமை செத்தாலும் சீலை நைந்தாலும் நட்டம் அவனுக்கு, அந்த விலையை அவன் திருப்பித் தர வேண்டும். விலை போடாமல் கொடுத்தால் அந்தச் சாமானே, இருக்கிற நிலையில், திரும்பும். தேய்ந்ததெல்லாம் அவளுக்கு நட்டம். விலை போடாமல் விடுவதுதான் கணவனுக்கு லாபம் என்று ரோமச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதியிருக்கிறார். ஆகையால் பட்டியல் எழுத வேண்டும். ஒவ்வொரு நகையாக, நிறையோடு, அன்றைய விலையோடு. நீயும் எழுதி வை. சும்மா, ஒரு ஒழுங்குக்குச் சொல்கிறேன். ஒரு கடதாசியிலும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே.

பிரிவதற்கு அங்கே நீதிமன்றமும் இல்லை, காரணமும் வேண்டாம். "உன்னுடையதை நீயே வைத்துக்கொள்" என்று ஆளனுப்பிச் சொன்னால் முடிந்தது. கணவனும் சொல்லலாம், மனைவியும் சொல்லலாம். பிறகு கி.மு. 18 இல் வந்த அகுஸ்துஸின் சட்டம்தான் வயதுவந்த ஏழு ரோமக் குடிமக்கள் சாட்சியாக வேண்டும் என்றது. எங்கள் நாட்டுப் பொதுச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டம், ரோமரின் வம்சம். ஆனால் இங்கே இன்றைக்கும் குற்றம் நிரூபிக்க வேண்டும். சோரம், மனமறிந்து கைவிட்டது, கலியாணத்திலேயே இருந்த தீராத இயலாமை, இந்த மூன்றில் ஒன்று. கனடாவில் ஒரு வருஷம் பிரிந்திருந்தால் போதுமாம். வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது.

ரோமில் தகப்பனும் தன் அதிகாரத்திலிருக்கும் மகளின் கலியாணத்தைப் பிரிக்கலாம். ஒற்றுமையாக இருக்கிற கலியாணத்தைத் தகப்பன் குலைக்கக் கூடாது என்று தடுத்தது சக்கரவர்த்தி அந்தோனினஸ் பியஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில். ஒற்றுமையில்லாத கலியாணத்தை என்ன செய்வது? அதற்கும் சட்டம் தகப்பன் கையில்தான் இருந்தது. சிசரோ கையிலும் இருந்தது.

துல்லியாவின் முதல் கணவன் பீசோ தங்கமான பிள்ளை. மாமனார் நாடு கடத்தப்பட்டிருந்தபோது கிடைத்த மாகாணப் பதவியையும் விட்டுவிட்டு அவரை மீட்க நடந்தான். அவர் திரும்ப முன்பே செத்துப்போனான். கி.மு. 57 ஓகஸ்ட் 5 இல் சிசரோ பிருந்திசியம் துறைமுகத்தில் இறங்கியபோது கரையில் நின்றவள் துல்லியா. அன்றைக்கு அவள் பிறந்தநாள். இரண்டாவது கலியாணம் கிராசிபெஸோடு, பிரிந்தார்கள். மூன்றாவதுதான் தொலபெல்லா. கி.மு. 50. சிசரோ சிலிசியாவில் ஆளுநராக இருக்கிறார், கடல் தாண்டி. வேறொரு நல்ல இடம் பேசி ரோமுக்கு ஆளனுப்புகிறார். ஆள் போய்ச் சேர முன்னே தாயும் மகளும் தொலபெல்லாவுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். சிசரோ முணுமுணுத்தார், பிறகு மாப்பிள்ளையைப் புகழ்ந்து எழுதினார். எங்கள் வீட்டில் பிழை அம்மாவுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. பொருத்தம் பார்த்துக் கொண்டுவந்தவன் நான்.

சீதனம் மூன்று தவணை. தொலபெல்லாவுக்குக் கழுத்துவரை கடன், வெளியில் பெண்கள். முதல் பிள்ளை கி.மு. 49 இல் ஏழாம் மாதம் பிறந்தது, தங்கவில்லை. உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் இரண்டாந் தவணை தொலபெல்லாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரம் பெண் கைச்செலவுக்கே முட்டுப்பட்டாள். அவள் நிலையைச் சிசரோ தன் சிநேகிதன் அத்திக்கஸின் கடிதத்தில்தான் அறிகிறார். கி.மு. 47 இல் தொலபெல்லா திரிபூன் என்ற மக்கள் பிரதிநிதிப் பதவியில் இருந்துகொண்டு, எல்லாக் கடனையும் அழிக்கச் சட்டம் போடுகிறேன் என்று ரோமில் கலகம் செய்தான். சிசரோ அப்போது பிருந்திசியத்தில், போரில் எதிர்ப்பக்கம் நின்றதற்குச் சீசரின் மன்னிப்பை எதிர்பார்த்துக் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக முடங்கிக் கிடந்தார். கி.மு. 47 ஜூன் 12, துல்லியா அவரிடம் வந்தாள். அதே துறைமுகம், பத்து வருஷத்துக்குப் பிறகு. மனைவி தெரென்சியாவுக்கு அவர் எழுதிய கடிதம் நாலைந்து வரிதான். பிள்ளையின் குணத்தைப் பார்த்ததும் துக்கம் கூடியது என்கிறார். அவள் அன்புக்கும் தகுதிக்கும் கிடைக்க வேண்டிய வாழ்வு கிடைக்காமல் போனது எங்கள் கவலையீனத்தால் என்கிறார். விதி என்று எழுதவில்லை, மாப்பிள்ளை என்றும் எழுதவில்லை. அடுத்த மாதம் விலக்கு அறிவிப்பு அனுப்புவோமா என்று யோசித்து, தொலபெல்லா சீசரின் ஆள் என்று பயந்து நிறுத்தினார். அத்திக்கஸுக்கு எழுதும்போது ஒத்துக்கொண்டார்: இரண்டாந் தவணையில் நாங்கள் குருடராக இருந்துவிட்டோம்.

அந்த வரியை நான் முப்பது வருஷத்துக்கு முன் வாசித்தவன். பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன்.

கைதடிக் காணி விற்ற கிழமை நீ எடுத்தாய். "அப்பா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாங்குகிறவன் முற்பணம் தந்திட்டான், நாள் குறித்தாயிற்று என்றேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். காசை மாப்பிள்ளை கணக்குக்கே அனுப்பினேன், ஸ்காபுறோ வீட்டு முற்பணத்துக்கென்று. அந்த வீட்டில் உன் பேர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நாலு எல்லையும் நடந்து பார்த்து உறுதி எழுதினவன், என் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடதாசி எழுதி வாங்கவில்லை. பேந்து நீ வந்து நின்ற மூன்று கிழமையும், கிணற்றடியில் ஏதோ சொல்லத் தொடங்கினபோது, பொறுத்துப் போ பிள்ளை என்றேன். நீ சொல்லி முடிக்கவே இல்லை. அது என் பிழை. அம்மாவுக்கு இதில் பங்கில்லை.

துல்லியாவின் கலியாணம் கி.மு. 46 இல் பிரிந்தது. அப்போது அவள் கர்ப்பிணி. 45 ஜனவரியில் ஆண் பிள்ளை, பெப்ரவரியில் துஸ்குலம் வீட்டில் அவள் போய்விட்டாள். சீதனத்துக்காகச் சிசரோ 44 இலும் தொலபெல்லாவுக்குப் பின்னால் அலைந்தார். மகளுக்குக் கல்லறை வேண்டாம், கோயில் கட்டுவேன் என்று அத்திக்கஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்: எந்தக் காணி, எத்தனை விலை, எவ்வளவு ஆள் நடமாட்டம் உள்ள இடம். கட்டவில்லை.

இதைச் சின்னவளிடம் சொல்லாதே. அவளுடைய ஏழாவது கேள்விக்கு இதை எழுதச் சொல்லு: சட்டப்படி பிள்ளை தகப்பன் பக்கம். ஆனாலும் அந்தோனினஸ் பியஸ் தகப்பனின் நடத்தை சரியில்லையென்றால் பிள்ளை தாயோடு இருக்கலாம் என்று தீர்ப்புக் கொடுத்தார். பியஸின் ஆட்சி கி.பி. 138 முதல் 161 வரை. வருஷத்தையும் எழுதினால் ரீச்சர் புள்ளி கூடப் போடுவா. ரோமில் நடந்தது ரோமில்தான், ஸ்காபுறோவில் சட்டம் வேறு என்றும் அவளுக்கு விளங்கச் சொல்லு.

சீதன உறுதியின் மூலப்பிரதி இரும்புப் பெட்டியில் இருக்கிறது. காசு அனுப்பிய வங்கித் துண்டு இரண்டையும் அதோடு வைத்திருக்கிறேன், திகதி தெளிவாகத் தெரிகிறது. படம் பிடித்து அனுப்பு என்றால் அன்றைக்கே அனுப்புவேன். நகைப் பட்டியலை அம்மா நினைவிலிருந்து சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். ஏன் என்று அவ கேட்கவில்லை. வாசிக்காமல் ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே. அங்கே ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணித்தியாலம் கதைக்க என்ன செலவு என்று விசாரித்து எழுது.

எந்த நேரமும் எடுக்கலாம். நான் விடிய மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறேன், உனக்கு அப்போது பின்னேரம். இந்த முறை ஏன் என்று கேட்பேன்.

அன்புடன்,
அப்பா