பச்சைச் சீட்டில் குத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

குடமுருட்டிக் கரையோர ஊர்களில் இருக்கும் அக்காமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், கும்பகோணம் கோர்ட் வாசலில் என்னை ஆளாக்கியவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை 2020 ஜனவரி 2ஆம் தேதி இரவே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்குகளை எண்ணினார்கள். ஒன்றியக் குழு வார்டுக்கு, அதாவது பச்சை வாக்குச்சீட்டில், சுயேச்சையாக நின்ற வக்கீலான நான் 187 ஓட்டில் தோற்றேன். மறுநாள் வாசலுக்கு வரவே கூச்சமாக இருந்தது. பொங்கல் கழியட்டும் என்று தள்ளினேன். மாசி மகம் வந்தது, அப்புறம் கொரோனா வந்தது. இப்போது ஜெயித்தவரின் பதவிக்காலமே 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஒன்றியம் தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. தோற்றவள் இப்போதுதான் நன்றி சொல்ல வருகிறாள். வாய்தா வாங்கியே பழகிப்போன கை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி எங்கள் சீனியரின் குமாஸ்தாவுக்கு. சீனியருக்கு அடுத்ததுதான், அவரே இந்த வரிசையைத்தான் சொல்வார். திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித்தராததை எல்லாம் குமாஸ்தா ஐயா ஐந்து மாதத்தில் சொல்லித்தந்தார். வக்காலத்தில் ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது, காணாமல் போன கேஸ் கட்டை பெஞ்ச் கிளார்க் மனம் கோணாமல் எப்படித் தேடச் சொல்வது, ஜட்ஜ் முகம் எப்போது வாய்தா தரும் முகம், இப்படி. இன்னொன்றும் சொன்னார்: "கட்சிக்காரர் பேசுறப்ப பேனாவைத் தொறக்காதம்மா. எழுத ஆரம்பிச்சா அவங்க பயந்துபோய்ப் பொய் சொல்லுவாங்க." ஓட்டுக் கேட்டுப் போன முதல் நாள் நோட்டும் கையுமாகக் குறை எழுதிக்கொண்டிருந்த நான், மூன்றாவது தெருவில் அவர் ஞாபகம் வந்து நோட்டை மூடி வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். ஐயா 2021இல் போய்விட்டார். இதை அவருக்குப் படித்துக் காட்ட முடியாமல் போனது என் தாமதத்துக்குக் கிடைத்த தண்டனை.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், "பொம்பள வக்கீலுக்கு ஜீவனாம்சக் கேஸ் போதாதா" என்று காது படவே பேசியவர்கள் உண்டு. சீனியர் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு குத்தகைக் கேஸ் கட்டைத் தூக்கி என் மேஜையில் போட்டார். 1955ஆம் வருடத்து சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை அந்தக் கட்டை வைத்துத்தான் படித்தேன். டெல்டாவில் பாதித் தகராறு அந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் நடக்கும் என்பது பிறகு புரிந்தது.

நான் அடிக்கடி போய்வந்த ஒரு சின்ன கோர்ட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. எதிரே இட்லிக் கடை வைத்திருந்த அக்கா பல வருடம் தன் வீட்டுக் கொல்லைப்புறச் சாவியை எனக்காகக் கல்லாப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு நாள் கூட ஏன் என்று கேட்டதில்லை. என் வக்கீல் தொழில் எதன் மேல் நின்றது என்று யாராவது கேட்டால் சட்டப் புத்தகம் என்று சொல்ல மாட்டேன்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். 2003இல் ஓர் அக்கா என்னிடம் வந்தார். அப்பா 1998இல் இறந்துவிட்டார். பரம்பரை நிலம் பன்னிரண்டு மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு). அண்ணன் ஒருவர், இவர் ஒருவர். 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆகாத மகளுக்கு மட்டும்தான் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று அப்போது நம் மாநிலச் சட்டம் சொன்னது. அக்காவுக்குக் கல்யாணம் 1987இல். ஆக, பாதி வர வேண்டிய இடத்தில், அப்பாவின் பாதியில் பாதியான கால்தான், மூன்று மா. "கேஸ் போட்டால் பத்து வருஷம் இழுக்கும், கடைசியில் கிடைப்பதும் இதுதான், பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா" என்று நான்தான் சொன்னேன். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. 2005 செப்டம்பரில் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகளுக்குச் சம பங்கு. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. என் யோசனையைக் கேட்காமல் அவர் கேஸ் போட்டு இழுத்தடித்திருந்தால் ஆறு மா வந்திருக்கும்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019 டிசம்பரில் நான் நிற்பதைக் கேள்விப்பட்டு அவரே வந்தார், இரண்டு மூட்டை அரிசியோடு. அந்த மூன்று மாவில் விளைந்த அரிசி. எங்களோடு சுற்றிய பதினைந்து பேருக்கும் கடைசி நாள் வரை அதில்தான் சோறு. நான் மட்டும் அந்தச் சோற்றைத் தலை குனிந்து சாப்பிட்டேன்.

அடுத்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 11ஆம் தேதி சொல்லிவிட்டார்கள். அப்பாதான் முன்பே இறந்துவிட்டாரே, கேஸ் போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்று எனக்கு இருந்த ஒரு சாக்கும் போனது. முகக்கவசத்தோடு அவர் திண்ணைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அக்கா சொன்னது: "அன்னிக்கு அது உனக்கு எப்படித் தெரியும் வக்கீலம்மா? மூணு மாவுக்குப் பட்டா எம் பேருல இருக்கு. எங்கம்மா பேரு ஒரு காகிதத்துலயும் இல்ல." அப்புறம் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மன்னித்தாரா, அல்லது மன்னிக்க எதுவும் இருப்பதாகவே நினைக்கவில்லையா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்கா, நன்றி.

நடவு ஆட்களான உங்களை மறப்பேனா! டெபாசிட் 600 ரூபாயைப் பத்தும் இருபதுமாக முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொட்டினீர்கள். அதை அப்படியே கட்டினேன், எண்ணியவர் மூன்று முறை எண்ணினார். டெபாசிட் திரும்பி வந்ததும் கொடுக்க வந்தபோது, "மாரியம்மனுக்குக் கஞ்சி ஊத்திடு" என்றீர்கள். ஊற்றியாயிற்று. "கோலம் போடுற நேரத்துல வா, ஆம்பளைங்க எந்திரிச்சிருக்க மாட்டாங்க" என்ற யோசனையும் உங்களுடையதுதான். சின்னம் ஒதுக்கியதற்குப் பிறகு பிரச்சாரத்துக்குக் கையில் பத்து நாள் கூட இல்லை. மார்கழிப் பனியில், சாண உருண்டையில் பூசணிப்பூ செருகிக்கொண்டிருந்த பெண்களிடம் நின்று பேசியதுதான் எங்கள் பிரச்சாரம். வெள்ளைச் சீட்டு ஊராட்சி வார்டுக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு, பச்சை மட்டும் எனக்கு. இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

"வேட்பாளர் எங்கம்மா?" என்று என் முதுகுக்குப் பின்னால் ஆட்டோவை எட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் திருத்திவிட்டார்கள். கண்ணுக்கு இன்னும் திருத்தம் வரவில்லை. ஒரு சேரித் தெருவில் எண்பது வயதுப் பெரியவர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கிராப்பு வெட்டி வேட்டி கட்டிக்கொண்டு கூலி ஆட்களுக்காக நின்ற மணலூர் மணியம்மையைச் சின்னப் பிள்ளையில் பார்த்தவர் அவர். "அந்தம்மாவுக்கு அப்புறம் நீ வர இத்தனை நாளா?" என்று என்னைத் திட்டினார். அந்தத் திட்டுக்கும் நன்றி.

எதிர் வேட்பாளருக்கும் ஒரு வார்த்தை. எண்ணிக்கை நள்ளிரவு தாண்டி இழுத்தபோது உங்கள் பிளாஸ்க்கில் இருந்து எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தீர்கள். சர்க்கரை தூக்கலாக இருந்தது, ஆனாலும் நன்றி.

தோற்ற மறுநாள் சீனியர் வந்து, திருவிதாங்கூரில் வக்கீல் அன்னா சாண்டி 1931இல் அவதூறுக்கு நடுவே தேர்தலில் நின்று தோற்று, அடுத்த வருடமே ஜெயித்த கதையைச் சொன்னார். பிற்பாடு உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் இந்தியப் பெண் அவர்தான். என் வீட்டுக்காரர் கதையெல்லாம் சொல்லவில்லை. மூன்று நாள் அவரே சமைத்தார். ரசம் நன்றாகவே இருந்தது.

கடைசியாக மைக் செட் தம்பிக்கு. செலவு உச்சவரம்பு 85,000 ரூபாய். நாம் அதன் பக்கத்தில் கூடப் போகவில்லை. கணக்குத் தாக்கல் செய்தபோது உன் 3,500 ரூபாயை நீ வாங்க மறுத்ததால் பாக்கி என்றே எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் பாக்கியாகவே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொண்டு போ.