குட்டிகள் மேல் தப்பில்லை, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் போனை இரண்டு மாதமாக நான் எடுக்காத காரணம் உனக்கே தெரியும். நீ பொறுக்கித் தந்த 12 பன்றிக்குட்டிகளில் 5 வளரவே இல்லை. அந்தக் கோபத்தில் உன் கண் பார்வையைப் பற்றி நான் பேசியதையெல்லாம் கணக்கு வாத்தியார் ஒரு வார்த்தை விடாமல் உன்னிடம் ஒப்பித்திருப்பார். சரி, எல்லாம் வாபஸ்.

12 குட்டிகளையும் ஒரே கொட்டிலில் விட்டிருந்தேன். வந்தபோது ஒன்றுக்கொன்று 3 கிலோதான் வித்தியாசம். பத்து வாரத்தில் அப்பனும் பிள்ளையும் போல ஆகிவிட்டன. தீனி போதவில்லை என்று அளவைக் கூட்டினேன்; பெருத்தவை இன்னும் பெருத்தன. குடற்புழு மருந்தும் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் வித்து சரியில்லை என்று உன் தலையில் போட்டேன்.

ஒரு சாயங்காலம் தீவனத்தைக் கொட்டிவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, அதுதான் வெட்கம். தொட்டியின் நீளம் 1.5 மீட்டர். நாலு தடியன்கள் குறுக்கே நின்றால் அதோடு தொட்டி தீர்ந்தது. நீ சோப்ளாங்கி என்று பெயர் வைத்தாயே, அது ஒரு தடியனின் பின்னங்கால்களுக்கு நடுவே மூக்கை நுழைத்தது. ஒரே முட்டு. சுவரோரம் போய்த் தரையில் சிந்திய தவிட்டை நக்கியது. பெரியவை விலகிய பிறகு வந்து பார்த்தால் தொட்டியில் எச்சில் ஈரம்தான் மிச்சம்.

அதன் பிறகு தண்ணீருக்குப் போனது. அவை வாய் வைத்துக் குடிக்கும் நிப்பிள் குழாயைத் தடியன்களின் உயரத்துக்கு மாட்டி வைத்த மகான் நான்தான். எட்டவில்லை. சொட்டு விழுந்த ஈரத்தை முகர்ந்துகொண்டு நின்றது. ஒரு கிலோ தீவனத்துக்கு 2, 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் தீனி எடுப்பதும் குறைந்துவிடும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மச்சான்.

மறுநாள் உன் தங்கச்சியின் தையல் டேப்பை நைசாக எடுத்துப் போனேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளம், இரண்டையும் மீட்டரில் எடு. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எடை வந்துவிடும். சோப்ளாங்கிக்குச் சுற்றளவு 0.62, நீளம் 0.70: 19 கிலோகூட இல்லை. பெரிய தடியன் 42.

இரண்டுக்கும் நான் போட்டது ஒரே தீவனம், அதுவும் பெரியவற்றுக்கானது! 20 கிலோவுக்குள் இருக்கும் குட்டிக்கு 18 முதல் 20 சதவீதம் புரதம் வேண்டும். 50 கிலோ வரை 16 போல, அதற்கு மேல் 14 போதும். சின்னது ஒரு நாளைக்கு ஒரு கிலோதான் தின்னும், அந்த ஒரு கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். மக்காச்சோளத்தையும் தவிட்டையும் மட்டும் குவித்தால் லைசின் என்ற புரதக் கூறு பற்றாது. லைசின் பற்றாவிட்டால் மற்ற புரதம் இருந்தும் சதை பிடிக்காது. சோயாப் பிண்ணாக்கைக் கூட்டினேன். வயதாக வயதாகக் கொழுப்பு கூடும். கொழுப்பு வைக்கத் தீனி அதிகம் பிடிக்கும். குட்டி ஒரு கிலோ ஏற 2 கிலோ சொச்சம் தின்றால், கடைசிக் கட்டத்தில் 3 கிலோவைத் தாண்டும். ஆக, தடியன் பிடுங்கித் தின்ற ஒவ்வொரு வாயும் குட்டியிடம் போயிருந்தால் எனக்கு லாபம். இந்தக் கணக்கை வாத்தியாரிடம் சொல்லிவிடாதே, என்னமோ தான் சொல்லிக் கொடுத்தது மாதிரி பேசுவார்.

சாயங்காலமாகப் பார்த்து, வயிறு நிறையப் போட்டுவிட்டு 5ஐயும் பிரித்தேன். பழைய இடத்தில் எதையும் விடாமல், இரண்டு கூட்டத்தையும் கழுவிய புதுக் கொட்டில்களுக்கு மாற்றினேன். இரண்டு நாள் சண்டை, பிறகு அடங்கிவிட்டது. நிப்பிளையும் தோள் உயரத்துக்கு இறக்கினேன். 28 நாளில் சோப்ளாங்கி 10 கிலோ ஏறியிருக்கிறது. நீ கேட்டால் சிரிப்பாய்: அங்கே இப்போது அதுதான் ரவுடி. மற்ற நாலையும் தொட்டியை நெருங்க விடுவதில்லை. பிரித்தால் மட்டும் போதாது போல; எல்லா மூக்குக்கும் ஒரே நேரத்தில் இடம் இருக்க வேண்டும். இந்த அளவுக்குத் தலைக்கு 20 செ.மீ. வேண்டும், அவை 100 கிலோவை எட்டும்போது 30க்கு மேல். என் பழைய தொட்டியில் தலைக்கு 12.5தான் இருந்தது, பார்த்துக்கொள்.

ஒரு சந்தேகம். பெரிய கூட்டத்தில் காயடித்தவை சீக்கிரம் கொழுக்கின்றன, பெட்டைகள் ஒல்லியாகவே வளர்கின்றன. அவற்றையும் தனியாகப் பிரித்து, பெட்டைகளுக்குப் புரதத்தைக் கொஞ்சம் கூட்டலாமா? உன்னிடம்தான் கேட்க வேண்டும், வேறு யாரைக் கேட்பது? கோபம் தணிந்திருந்தால் வந்து பார்.

வரும்போது டேப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

உன்
மாப்பிள்ளை