முதல் இணையதளம்: தடுமாறுவது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்க விரும்புவோருக்குத் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கம் வண்ணங்களையும் டெம்ப்ளேட்டுகளையும் பற்றி நிறையவே சொல்கிறது. ஆனால், செய்து முடித்த பக்கத்தைச் சர்வரில், அதாவது பக்கங்களை இணையத்தில் வழங்கும் கணினியில், ஏற்றும் கட்டத்தில்தான் புதியவர்கள் மனம் தளர்ந்து கைவிடுகிறார்கள் என்பதை, பலருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் கண்டிருக்கிறேன்.

அண்மையில் ஒரு மாணவி தம் முதல் பக்கத்தை ஏற்றினார். அவருடைய கணினியில் பளிச்சென்று தெரிந்த படம் இணையத்தில் தெரியவே இல்லை. வெகுநேரம் தேடிய பிறகே காரணம் பிடிபட்டது: படக் கோப்பின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கியது, பக்கத்தில் அவர் எழுதியிருந்ததோ சிறிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். சர்வர்களில் பரவலாக இயங்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு அவை வெவ்வேறு கோப்புகள். கோப்புப் பெயர்களை இடைவெளியின்றிச் சிறிய எழுத்துகளிலேயே வைக்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அந்தப் பெண் கண்கலங்கியிருக்க மாட்டார். தமிழில் எழுதுவோர் பக்கத்தின் தலைப்பகுதியில் யு.டி.எஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்க முறையைக் குறிப்பிடத் தவறினால், எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறிவிடக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் பக்கம் ஆடம்பரமாக இருக்கத் தேவையே இல்லை. வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செர்ன் ஆய்வகத்தில் வெளியிட்ட உலகின் முதல் இணையதளத்தில் இருந்தவை வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். தம்மைப் பற்றி நான்கு பத்தி எழுதத் தெரிந்த எவரும், இணையப் பக்கங்களுக்கான குறிமொழியாகிய எச்.டி.எம்.எல்.-இல் சாதாரணக் கோப்பு ஒன்றை ‘index.html’ என்ற பெயரில் சேமித்து, கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவசச் சேவையில் அன்றே வெளியிட்டுவிடலாம்.

இலவச இடத்தை நம்பி அசலைத் தொலைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. லட்சக்கணக்கானோர் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற இலவசச் சேவை 2009-இல் மூடப்பட்டபோது, பிரதி எடுத்து வைக்காத பலரின் பக்கங்கள் அதோடு போயின. கோப்புகள் அனைத்தின் பிரதியும் நம் கையில் இருக்க வேண்டும். டொமைன் (தளத்துக்கான இணைய முகவரிப் பெயர்) வாங்குவோர், உதவிக்கு வந்த நண்பரின் பெயரில் அல்லாமல் தம் பெயரிலேயே பதிவுசெய்து, காலாவதியாகும் தேதியையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, ஒரே ஒரு பக்கத்தை எழுதி, ஏற்றி, வேறொருவரின் கைப்பேசியில் திறந்து சரிபார்ப்பது வரையிலான வேலையைத் கணினித் திரையின் படங்களுடன் (ஸ்கிரீன்ஷாட்) படிப்படியாக விளக்கும் தொடர் ஒன்றைக் கணினிப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்