சுறாப்புட்டு வேண்டாம் கண்ணு

அன்பு மகளுக்கு,

பிரசவத்துக்கு வரும்போது சுறாப்புட்டு செய்து தரச் சொல்லி போனில் கேட்டாய். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னைப் பெற்றபோது உன் அம்மாச்சி பாம்பனில் பால்சுறா வாங்கி வந்து, அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்து தருவாள். நன்றாகப் பால் ஊறும் என்பாள்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது மலேரியாவுக்கென்று வீடு வீடாக டிடிடி பூச்சிமருந்து அடிப்பார்கள். சுவரெல்லாம் வெள்ளை படிந்து கிடக்கும். 1989-இல் விவசாயத்துக்குத் தடை வந்தது, கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளுக்கு மட்டும் விட்டு வைத்தார்கள். ஆனால் அது லேசில் மக்காது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு மழைத்தண்ணீரில் கடலுக்குப் போய்ச் சேற்றில் கிடக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி என்ற ரசாயனமும் அப்படித்தான். இவை தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் போய்த் தங்கும். நுண்ணுயிரைச் சாளை தின்னும், அந்தச் சாளையைச் சுறா வருடக்கணக்காகத் தின்னும். ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் கூடும்.

தாய் உடம்பிலிருந்து மட்டும் அந்த நஞ்சு வெளியேற ஒரு வழி உண்டு. அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. மீன் சினைபிடிக்கும்போது தன் கொழுப்பை முட்டைக்கு அனுப்புகிறது, நஞ்சும் கூடவே போகிறது. குஞ்சு முதல் இரையைக் கவ்வுவதற்கு முன்பே தாயின் பங்கு அதன் உடம்பில் இருக்கும். வளர வளர அது தன் பங்கையும் சேர்த்துக்கொண்டு அடுத்த சினைக்குக் கொடுக்கும். பால்சுறா நம்மைப் போலத் தொப்புள்கொடியோடு குட்டி ஈனுவது. ஓங்கிலுக்கோ, அதுதான் டால்பினுக்கு, பால் வழியாகத் தலைக்குட்டிக்குத்தான் அதிகம் போகிறது. நீ என் தலைப்பிள்ளை.

பயப்படாதே. தாய்ப்பால் கட்டாயம் கொடு, அதைவிட நல்லது குழந்தைக்கு வேறில்லை. நம் கடல் மீன் எல்லாம் விஷம் என்றும் சொல்ல வரவில்லை. இப்போதைக்குச் சுறாவும் பெரிய நெய்மீனும் மட்டும் வேண்டாம், அவற்றில் பாதரசமும் சேரும். சாளை, நெத்திலி, காரல் தாராளமாகச் சாப்பிடு. சின்ன மீன்கள், கொஞ்ச காலமே வாழ்பவை, அதிகம் சேர்த்துவைக்க அவற்றுக்கு நாள் கிடையாது. பால் ஊற நம் பக்கம் காரல் குழம்பும் கொடுப்பதுதானே! காலையில் கரைக்குப் போய் நானே பார்த்து வாங்கி, மிளகு சேர்த்து வைத்துத் தருகிறேன்.

அம்மாச்சி கோபிப்பாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா
தங்கச்சிமடம்