கொண்டெய்னர் ரூமுக்குள்ள காஸ் கீசர் வைக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கொட்டாஞ்சேனையில இருக்கிறேன். ஒருகொடவத்தை பக்கம் ஒரு யார்ட்ல பழைய கொண்டெய்னர வெட்டி ரூம், கடை, ஒபிஸ் எல்லாம் செஞ்சு குடுக்கிறதுதான் வேல, வெல்டிங்ல இருந்து தண்ணி பைப் வரைக்கும் நாங்களே பாக்கிறோம். இங்க கொழும்புக்கு செய்யிறதுன்னா ஏசி எங்க வைக்கிறதுன்னுதான் கேப்பாங்க, ஆனா நுவரெலியா பக்கம் வாடகைக்கு விடுறதுக்கு எடுக்கிறவங்களுக்கு சுடுதண்ணியும் வேணும் ரூமும் சூடா இருக்கணும், கரண்ட் பில்ல நினைச்சு காஸ்ல போட்டுத்தாங்கன்னு சொல்றாங்க. காஸ்ல போடுறது பிழையில்ல, எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் விஷயம்.

போன ஜனவரி நானே குடும்பத்தோட அந்தப் பக்கம் ஒரு கொண்டெய்னர் ரூம்ல தங்கினேன், வேற யாரோ செஞ்ச ரூம். ராத்திரி நல்ல குளிர், மனுசி குளிச்சா, பிறகு மகன், அதுக்குப் பிறகு மகள். மனுசி தலையிடிக்குதுன்னு படுத்திட்டா, மலை ஏறி வந்த களைப்புன்னு நானும் நினைச்சிட்டேன். கொஞ்ச நேரத்தில பாத்ரூமுக்குள்ள வாளி உருள்ற சத்தம், கூப்பிட்டா பதில் இல்ல. கதவ உடைச்சுத்தான் பிள்ளைய வெளிய இழுத்தேன், வெளிக் காத்து பட்ட பிறகுதான் கண்ணத் திறந்தா, சத்தி எடுத்தா. ஆஸ்பத்திரியில விரல்ல மாட்டி ரத்தத்தில ஒக்சிஜன் எவ்வளவுன்னு பாக்கிற கிளிப் 98 காட்டிச்சு, நான் கடவுளேன்னு நிம்மதியாகிட்டேன், ஆனா டொக்டர் கீசர் உள்ளுக்குள்ளயா இருந்ததுன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு, உடனே ஒக்சிஜன் போட்டாரு. காஸ் சரியா எரியாட்டி வாற காபன் மொனொக்சைட்ங்கிற விஷ வாயு ரத்தத்தில ஏறினா அந்த கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாதாம், நல்லா இருக்கிற மாதிரியேதான் காட்டுமாம். ஒக்சிஜன விட 200 மடங்குக்கு மேல அது ரத்தத்தில ஒட்டிக்கொள்ளுமாம்.

இதே வேல செய்யிற நான் அந்த பாத்ரூமுக்குள்ள போய் கை கழுவிட்டு வந்திருக்கிறேன், சுவர்ல மாட்டியிருந்த கீசர பாத்திருக்கிறேன், அதுக்கு புகை போற பைப் இல்லங்கிறத கவனிக்கல்ல. அத நினைச்சா இப்பவும் நித்திரை வாறதில்ல.

வந்த பிறகு கணக்கு போட்டு பாத்தேன். கொண்டெய்னர் உள்ளுக்கு 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம், அதுல 1.2 மீட்டர் தடுத்து பாத்ரூம் செஞ்சா 7 கன மீட்டர் கூட வராது. 6 லீட்டர் சின்ன கீசர் முழுசா எரிஞ்சா மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட 1 கிலோ காஸ் போகும், 1 கிலோ காஸ் எரிய 12 கன மீட்டர் காத்து வேணும். மூணு பேர் அடுத்தடுத்து அரை மணித்தியாலம் குளிச்சா 6 கன மீட்டர், அதாவது அந்த பாத்ரூம்ல இருந்த காத்து முழுக்க கிட்டத்தட்ட முடிஞ்சிரும். வீட்டு பாத்ரூம்னா ஓட்டு இடுக்கால, ஜன்னலால ஏதோ கொஞ்சம் காத்து வரும், கொண்டெய்னர் கடல் தண்ணி உள்ள போகாம இருக்கத்தானே செஞ்சது, கதவுக்கு ரப்பர், நாங்க வெட்டுற ஜன்னலுக்கும் சுத்தி சிலிக்கன் அடிக்கிறோம். காத்து குறைஞ்சா காஸ் சரியா எரியாது, நீல நெருப்பு மஞ்சளாகும், விஷ வாயு கூடும். குளிக்கிற பிள்ளை நெருப்பையா பாத்துக்கொண்டு இருக்கும்?

2021 கடைசியில நாடு முழுக்க காஸ் அடுப்பு வெடிச்ச காலத்தில இருந்து எல்லாரும் சவர்க்கார நுரை போட்டு லீக் பாக்கிறாங்க, மணம் வருதான்னு பாக்கிறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா சிலிண்டர்ல இருக்கிற காஸுக்குத்தான் மணம் சேத்திருக்கு, எரிஞ்ச பிறகு வாற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல. மணம் வரல்லயே, லீக் இல்லயேன்னுதான் அந்த ரூம் சொந்தக்காரரும் என்னோட வாதாடினாரு, இவ்வளவு நாளா எத்தனையோ பேர் குளிச்சிட்டு போனாங்களாம்.

இன்னொண்ணு, குளிர்ல சிலிண்டர் சரியா வேல செய்யாது, காஸ்ல பியூட்டேன்ங்கிற வாயு அதிகமா இருந்தா பிரஷர் குறைஞ்சிரும், அதால சில பேர் சிலிண்டரையும் தூக்கி உள்ளுக்கு வச்சிர்றாங்க. காஸ் காத்த விட பாரம், லீக் ஆனா தரையோட தேங்கி நிக்கும். ரூம் சூடாக்க பின்னால சிலிண்டர் வச்ச ஹீட்டர ராத்திரி முழுக்க எரியவிட்டு நித்திரை கொள்றது அதவிட பயங்கரம். 1 கிலோ காஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல தண்ணி ஆவியா வரும், அது முழுக்க இரும்புச் சுவர்ல வியர்த்து வடியும், பூஞ்சணம் பிடிக்கும், கறள் பிடிக்கும். அந்த ஹீட்டருக்கு போற காசுக்கு சுவர்லயும் கூரையிலயும் சூடு வெளிய போகாம தடுக்கிற ரொக்வூல் பஞ்சு 50 மில்லிமீட்டர் அடிச்சா ஒரு சின்ன கரண்ட் ஹீட்டரே போதும்.

கீசர் வெளிச் சுவர்லதான் இருக்கணும், வெளியில மாட்டுறதுக்குன்னே செஞ்ச மொடலா. இல்லாட்டி காத்து எடுக்கிறதும் புகை விடுறதும் பைப்பால வெளியிலயே நடக்கிற, நெருப்பு எரியிற இடம் முழுசா மூடின மொடல். சிலிண்டர் வெளிய, நிமிர்த்தி வச்சு. இரும்பு சுவர துளைச்சு செப்பு பைப் போறப்ப உறை போடணும், வெட்டின விளிம்பு பைப்ப அறுத்திரும். தரையோட ஒரு துவாரம், மேல ஒரு துவாரம், குளிர்னு துணி வச்சு அடைக்கவே கூடாது. படுக்கிற இடத்துக்கு பக்கத்தில காபன் மொனொக்சைட் அலாரம் ஒண்ணு. ஏப்ரல் சீசனுக்கு முந்தி அங்குள்ள சபைகள் வாடகை ரூமுகள போய் பாத்து, உள்ளுக்கு கீசர் இருந்தா கழட்ட சொல்லணும்னு உங்கட பத்திரிகை மூலமா கேட்டுக்கொள்றேன்.

எங்கட யார்ட்ல இப்ப ஒரு 20 அடி கொண்டெய்னர் நிக்குது, அடுத்த கிழமை மலைப் பக்கம் போகுது. சொந்தக்காரர் மழையில கீசர் பழுதாகும், உள்ளுக்கே வைங்கன்னு மூணு தரம் கோல் எடுத்திட்டாரு. நான் வெளிச் சுவர்ல தகரத்தில சின்ன கூரை ஒண்ணு வெல்ட் பண்ணி வச்சிருக்கிறேன், அதுக்கு காசு கேக்கல்ல.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்
கொழும்பு 13